மசாய் மாராவும் பரம்பிக்குளமும் – மறந்துபோன ஒரு பெயர்

போன ஆகஸ்டில் ஒருவழியாக மசாய் மாரா போய் வந்தேன். நைரோபிக்கு வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இங்கேயே இருந்துகொண்டு மாரா பார்க்காமல் இருப்பது, மதுரையில் குடியிருந்துகொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகாத மாதிரி. "இன்னும் போகலையா?" என்று கேட்டுக் கேட்டே ஆபீஸ் நண்பர்கள் அனுப்பி வைத்துவிட்டார்கள். கையில் 100-400 லென்ஸ். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்று வீட்டம்மாவுக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை :-)

மூன்று நாளில் ஆயிரத்து நானூறு படம். ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் கூட்டம், குட்டிகளோடு சிங்கம், புதருக்குள் பாதி யானை, பாதிக்கு மேல் யானை, முழு யானை. எல்லாம் கிடைத்தது. ஆனால் ஊருக்கு அனுப்பி எல்லோரும் "ஆஹா" சொன்னது ஒரே ஒரு படத்துக்குத்தான். அத்தி மரக் கிளையில் படுத்திருக்கும் சிறுத்தை. காலை வெயில் சரியாகக் கண்ணில் விழுகிறது. "சூப்பர் ஷாட்", "என்ன பொறுமை உங்களுக்கு" என்றெல்லாம் பாராட்டு.

உண்மையில் நடந்தது இதுதான். எங்கள் வண்டியின் ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவரே, மசாய்க்காரர், ஐம்பது வயசு இருக்கும். திடீரென்று எஞ்சினை நிறுத்தினார். எனக்குப் புல்லும் மரமும்தான் தெரிந்தது. "அந்த இம்பாலா மான் எல்லாம் ஒரே பக்கம் பார்க்குது, பாருங்க" என்றார். பார்த்தேன். மான் பார்த்தது. அவ்வளவுதான். அவர் மான் பார்த்த திசையில் வண்டியை மெதுவாக உருட்டி, ஒரு மரத்துக்கு முப்பது அடி தள்ளி, வெயில் என் முதுகுக்கு வருகிற மாதிரி நிறுத்தினார். "மேலே, இடது கிளை, வால் தொங்குது" என்றார். அப்போதும் எனக்கு ரெண்டு நிமிஷம் ஆயிற்று. மிருகத்தைக் கண்டுபிடித்தது அவர். வெளிச்சத்தைப் பார்த்து இடம் போட்டது அவர். நான் செய்தது விரலை அழுத்தியது.

அன்று மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டார்: "உங்க நாட்டுலயும் யானை, சிறுத்தை எல்லாம் இருக்குன்னு சொல்றாங்களே. அங்கே உங்களுக்கு யார் காட்டுவாங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. ஏனென்றால் நான் போனதே இல்லை. அதைவிட மோசம், யார் காட்டுவார் என்று எனக்கு ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. ஒரு ஆளின் பெயரே தெரிந்திருந்தது. மறந்துவிட்டேன்.

* * *

கோபாலபுரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு வேறு ஞாபகம் வரும். என் கோபாலபுரம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறையில் இருந்து பொள்ளாச்சி போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடி, அதைச் சுற்றிக் கொஞ்சம் கடை, பிறகு கண்ணுக்கெட்டிய வரை தென்னந்தோப்பு. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும். சண்டை, சமாதானம், கல்யாணம், இழவு எல்லாம் தமிழில் நடக்கும். தெற்கே பார்த்தால் ஆனைமலை நீலமாகத் தெரியும். அந்த மலைக்கு உள்ளேதான் பரம்பிக்குளம்.

ஒரு வேடிக்கை உண்டு. பரம்பிக்குளம் இருப்பது எங்கள் பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் அங்கே போக நல்ல சாலை தமிழ்நாட்டு வழியாகத்தான். பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் தாண்டிப் போக வேண்டும். அங்கே கேரள மண்ணில் இருக்கும் அணைகளைப் பராமரிப்பது தமிழ்நாடு. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்கு 1958-லேயே வேலை ஆரம்பித்துவிட்டது. இரு மாநிலங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1970-ல். அதன்படி மணக்கடவு வழியாகச் சித்தூர் பக்கத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். வந்ததா வரவில்லையா என்பது எங்கள் ஊர் டீக்கடையில் நிரந்தரத் தலைப்பு.

அந்த அணை வேலையில் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) லாரி ஓட்டினார். 1960-களின் தொடக்கம். பொள்ளாச்சியில் சிமெண்ட் ஏற்றி, மலை ஏறி, வேலை நடக்கும் இடத்தில் இறக்க வேண்டும். அவர் எனக்குச் சொன்ன கதைகளில் ஒன்று மட்டும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். மற்றதில் எல்லாம் யானை வருஷத்துக்கு ஒரு அடி வளரும், இதில் வளராது.

ராத்திரி. வண்டியில் அவர், கிளீனர், கூடவே கீழே இறங்க இடம் கேட்டு ஏறிக்கொண்ட ஒரு காடர். காடர் என்பது ஆனைமலைக் காட்டின் பழங்குடி. ஒரு வளைவுக்கு முன்னால் அந்த ஆள் அப்புச்சியின் தோளைத் தட்டி, வண்டியை நிறுத்தி விளக்கை அணைக்கச் சொன்னார். அப்புச்சிக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அணைத்தார். கும்மிருட்டு. அரை மணி நேரம் கழித்து வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு ஒற்றைக் கொம்பன் நடந்து வந்தது. லாரியை ஒட்டி நின்றது. தார்ப்பாயைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்தது. கிளீனர் பையன் அழ ஆரம்பித்தான். அந்தக் காடர் அவன் வாயைப் பொத்திக்கொண்டார். யானை போய்விட்டது. அதற்கப்புறமும் ஒரு மணி நேரம் வண்டியை எடுக்க விடவில்லை.

"அவரு சொல்லலீன்னா நா இல்லை. உங்கம்மா இல்லை. நீயும் இல்லை கண்ணு" என்று முடிப்பார். அவர் பெயரைச் சொல்லித்தான் முடிப்பார். அந்தப் பெயர்தான் எனக்கு மறந்துவிட்டது.

* * *

நைரோபிக்குத் திரும்பியதும் இதே நினைப்பாக இருந்தது. சரி, இந்தக் 'காட்டுக்குப் போய்ப் படம் எடுக்கிற' வழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று படிக்கத் தொடங்கினேன். படித்ததைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சஃபாரி என்பது சுவாஹிலி வார்த்தை. பயணம் என்று மட்டுமே பொருள், மிருகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அரபியின் 'சஃபர்' அதன் மூலம். நம்மூரிலும் அந்த வார்த்தை உண்டு. நாகூர், காரைக்கால் பக்கம் பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவரைச் 'சபராளி' என்பார்கள். அந்தக் கணக்கில் நான் வந்ததே ஒரு சஃபாரிதான்!

இங்கே அந்த வார்த்தையை உலகத்துக்கெல்லாம் தெரிய வைத்தது துப்பாக்கி. அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் மோம்பாசாவில் வந்து இறங்கினார். அவரும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து சுட்டது 512 மிருகங்கள். சுமை தூக்க இருநூறுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள். அந்தப் பயணத்தில் படம் எடுக்கிற பொறுப்பும் கெர்மிட்டுக்குத்தான். ஒரு தோளில் துப்பாக்கி, மறு தோளில் கேமரா.

அதற்கு முன்பே ஷில்லிங்ஸ் என்ற ஜெர்மானியர், இன்றைய தான்சானியா பகுதியில், இரவில் தண்ணீர் குடிக்க வரும் மிருகங்களை வெடிமருந்து வெளிச்சத்தில் படம் பிடித்து 1905-ல் புத்தகமாகப் போட்டிருந்தார். புத்தகத்தின் தலைப்பிலேயே 'ஒளிவிளக்கும் துப்பாக்கியும்' என்று ரெண்டும் சேர்ந்தே இருக்கும். கேமரா துப்பாக்கிக்கு எதிரியாக வரவில்லை, தம்பியாக வந்தது. பிறகுதான் அண்ணனை வீட்டை விட்டு அனுப்பியது. கென்யாவில் வேட்டைக்கு முழுத் தடை வந்தது 1977-ல். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல்.

இதில் இந்தியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் ஒரு பழைய தொடர்பு இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்று ஒரு ஆங்கிலேய வன அதிகாரி, அன்றைய ஐக்கிய மாகாணத்தில் வேலை பார்த்தவர். காட்டுப் பாதையில் கம்பி கட்டி வைப்பார். புலி அதை மிதித்தால் ஃபிளாஷ் வெடித்துத் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். 1927-ல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. இன்று புலிக் கணக்கெடுப்புக்கு மரத்தில் கட்டுகிறார்களே தானியங்கிக் கேமரா, அதற்கு அவர்தான் தாத்தா. அந்தப் படங்களைப் பார்த்து மனசு மாறியவர்களில் ஒருவர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடியவர், பிறகு புலியைச் சினிமாக் கேமராவில் பிடிக்கப் பாடுபட்டார். 1947-க்குப் பிறகு சாம்பியனும் கிழக்கு ஆப்பிரிக்கா வந்தார். கார்பெட் கென்யாவின் நியேரியில் குடியேறி 1955-ல் அங்கேயே இறந்தார். அவர் கல்லறை நைரோபியில் இருந்து சில மணி நேரப் பயணம்தான்.

* * *

சரி, நம்ம மலைக்கு வருவோம்.

ஆனைமலைக் காட்டைத் தேக்குக்காக வெட்ட வெள்ளைக்காரர்கள் முறையாக ஆரம்பித்தது 1848-ல், லெப்டினன்ட் மைக்கேல் காலத்தில். மரம் பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போயிற்று. அடுத்து 1850-களில் டக்ளஸ் ஹாமில்டன் வந்தார். நன்றாகப் படம் வரைவார், அதைவிட நன்றாகச் சுடுவார். அவருடைய வேட்டைக் குறிப்புகள் 1892-ல் புத்தகமாயிற்று. இந்த மாதிரி வேட்டைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஒரு அமைப்பு உண்டு. துரை காட்டுக்குள் போவார், 'என் ஆள்' தடம் பார்ப்பான், துரை சுடுவார். மிருகத்தின் கொம்பு எத்தனை அங்குலம் என்று துல்லியமாக இருக்கும். தடம் பார்த்த ஆளுக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது.

கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளத்துத் தேக்கைக் கீழே இறக்க ஒரு டிராம் பாதையே போட்டது. சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர். 1907-ல் ஓட ஆரம்பித்து 1963 வரை இருந்தது. அதே காலத்தில் மலையின் இந்தப் பக்கம், டாப்சிலிப்பில், ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி வெட்டித் தீர்ந்த தேக்கை மறுபடி வளர்த்தார். 1933-ல் இறந்தவருக்கு அந்தத் தேக்கங்காட்டுக்குள்ளேயே கல்லறை. 'என்னைப் பார்க்க வேண்டுமானால் சுற்றிலும் பார்' என்ற பொருளில் லத்தீனில் எழுதியிருக்கிறது. நல்ல மனுஷர்தான், அந்த வாசகத்துக்குத் தகுதியானவர்தான். ஆனால் சுற்றிலும் பார்த்தால் தெரிகிற மரங்களை அவர் ஒருத்தரே நட்டு வளர்த்திருக்க முடியாது இல்லையா?

அதே 1933-ல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தார். இடுக்கிப் பக்கம் மறையூர், எங்கள் பக்கம் பரம்பிக்குளம், குரியார்குட்டி என்று முகாம் போட்டார். அன்றைக்குப் பறவை ஆராய்ச்சி என்றால் சுட்டுப் பாடம் செய்வதுதான். பைனாகுலரும் கேமராவும் அந்த வேலையைப் பிறகுதான் எடுத்துக்கொண்டன. குரியார்குட்டி காடர்கள் வாழும் இடம். இன்று அங்கே சாலிம் அலி பெயரில் ஒரு விளக்க மையம் இருக்கிறது.

நம்மவர்களில் துப்பாக்கியைத் தொடாமல் கேமராவோடு போனவர் என்று நான் முதலில் சொல்வது மா. கிருஷ்ணனைத்தான். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார், படம் வரைந்தார். 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில் 1950-ல் ஆரம்பித்த பத்தியை 1996 பிப்ரவரியில் இறக்கும் வரை எழுதினார். நாற்பத்தாறு வருஷம்! நான் இங்கே மாசத்துக்கு ஒன்று எழுதவே முக்குகிறேன்.

இவர் வைத்திருந்த கேமராவைப் பற்றிப் படித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட ஒரு கனத்த பெட்டி. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேறு வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் பிலிம். நடந்தும், வனத்துறை யானையின் முதுகில் ஏறியும் முதுமலை, பந்திப்பூர், பெரியாறு என்று சுற்றினார். 1968-ல் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்து, தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வு 1975-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகப் புத்தகமாக வந்தது. 1970-ல் பத்மஸ்ரீ. ஒரு பிலிம் சுருளில் எத்தனை படம் கிடைக்கும்? நான் ஒரு சிறுத்தைக்கே இருநூறு அழுத்தினேன்.

இடுக்கி மலையில் இன்னொரு கதை. மூணாறு தேயிலைத் தோட்டத் துரைமார்கள் இரவிகுளத்தைத் தங்கள் வேட்டைக் காடாக வைத்திருந்தார்கள். அதைக் கண்காணிக்க அமர்த்தியது முதுவான்களை. வரையாடு அங்கே தப்பிப் பிழைத்ததற்கு அந்தக் காவலும் ஒரு காரணம். 1969-ல் ஜார்ஜ் ஷாலர் வரையாட்டை ஆராய வந்தார். ஆப்பிரிக்காவில் செரங்கெட்டிச் சிங்கங்களை ஆராய்ந்த அதே ஷாலர்! 1975-ல் இரவிகுளம் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. பரம்பிக்குளம் 1973-ல் சரணாலயம், 2010-ல் புலிகள் காப்பகம்.

ஆக, சுட வந்த துரை போய், எண்ண வந்த ஆராய்ச்சியாளர் வந்து, படம் எடுக்க வந்த நான் வரைக்கும் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. முன்னால் நடந்து போய்ப் புல்லை முகர்ந்து பார்த்து 'நில்லு' என்று சொல்கிற ஆள் மட்டும் மாறவில்லை. காடர், மலசர், மலைமலசர், முதுவர். இங்கே மசாய்.

இவர்கள் காட்டைக் காட்டியதற்குக் கிடைத்தது என்ன என்று பார்த்தால் அது ஒரு தனிக்கதை. செரங்கெட்டியைப் பூங்காவாக்கி 1959-ல் மசாய்களை வெளியே அனுப்பினார்கள். பரம்பிக்குளத்தில் அணைக்காகக் காடர் குடியிருப்புகள் இடம் மாறின. அந்த அணைக்குச் சிமெண்ட் ஏற்றிப் போனது என் அப்புச்சி. அதில் வந்த தண்ணீரில் விளைந்த தென்னையில்தான் நான் படித்தேன். இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

* * *

இப்போது இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. மிருகங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. மூணாறில் சாலையோரம் உலவும் யானை 'படையப்பா'. பாலக்காடு தோணிப் பக்கத்தில் ஊருக்குள் வந்துகொண்டிருந்த யானை 'பி.டி. 7'. 2023 ஜனவரியில் பிடித்தார்கள். சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற யானை 'அரிக்கொம்பன்'. அதை 2023 ஏப்ரல் 29-ல் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மலை இறங்கிக் கம்பம் டவுனுக்குள் நடந்து போயிற்று. ஜூன் மாதம் தமிழ்நாட்டு வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அந்த யானைக்கு ரசிகர் மன்றம் வரைக்கும் போய்விட்டார்கள்.

அரிக்கொம்பன் பிடிபடுவதற்கு மூன்று மாதம் முன்பு, 2023 ஜனவரியில், அதே சுற்றுவட்டாரத்தில் சாந்தன்பாறைப் பக்கம் ஒரு வனக் காவலர் யானை தாக்கி இறந்தார். பெயர் சக்திவேல். யானை சாலைக்கு வந்தால் கத்திக் கலவரம் செய்யாமல், வீட்டுப் பிள்ளையைத் திட்டுகிற மாதிரிப் பேசியே அதைக் காட்டுக்குள் அனுப்புவார் என்று பெயர் வாங்கியவர். அந்த வீடியோவை நானும் பார்த்திருக்கிறேன், நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் இறந்த செய்தியைப் படித்தபோது 'அந்த யானைக்காரர்' என்றுதான் என் மனசில் ஓடியது. பெயர் ஓடவில்லை. யானையின் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது.

எல்லாம் இருட்டு என்றும் சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்தால் முதுமலையின் பொம்மன், பெள்ளி இருவர் பெயரும் உலகத்துக்கே தெரிந்தது. பரம்பிக்குளத்தில் இன்று பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறவர்களும் பெரும்பாலும் அங்கேயே வாழும் பழங்குடிகள்தான். ஆனால் போய் வந்தவர்கள் இணையத்தில் போட்டிருக்கும் படங்களை ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தேன். கேமரா என்ன, லென்ஸ் என்ன, ஷட்டர் வேகம் என்ன, ஐ.எஸ்.ஓ. என்ன என்று எல்லாம் படத்துக்குக் கீழே இருக்கிறது. 'காட்டியவர்: இன்னார்' என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. என் சிறுத்தைப் படத்துக்குக் கீழேயும் இல்லை. அன்றைய துரைமார்கள் கொம்பின் அங்குலக் கணக்கை எழுதினார்கள், நாம் லென்ஸின் மில்லிமீட்டர் கணக்கை எழுதுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

* * *

ஊருக்கு போன் போட்டேன்.

"அம்மா, அப்புச்சி ஒரு யானைக் கதை சொல்வாரே, லாரியில வந்த காடர். அவரு பேரு என்னம்மா?"

"ஏங்கண்ணு, இந்நேரத்துல இதைக் கேக்கற?"

"சொல்லும்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "காதுல இருக்குது சாமி, வாயில வரமாட்டீங்குது. உங்க மாமாவைக் கேட்டுப் பாக்கறேன்" என்றார். மாமாவுக்கும் தெரியவில்லை. அப்புச்சி போனது 2009-ல். அந்தக் கிளீனர் பையன் யார், எந்த ஊர் என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

ரெண்டு நாள் கழித்து அம்மாவே கூப்பிட்டார். பழைய டிரங்குப் பெட்டியில் அப்புச்சியின் போட்டோ ஒன்று இருந்ததாம். மாமா பையன் அதைப் படம் எடுத்து அனுப்பினான். அணை வேலை நடந்த இடத்தில் எடுத்த குரூப் போட்டோ. முன்வரிசையில் நாற்காலி போட்டு இன்ஜினியர்கள், கான்ட்ராக்டர். பின்னால் நிற்கும் வரிசையில் மூன்றாவதாக அப்புச்சி, மீசையோடு, இளவட்டமாக. வலது ஓரத்தில் இன்னொருவர் நிற்கிறார். போட்டோ பாதி ஆளோடு முடிந்துவிடுகிறது. ஒரு தோள், ஒரு கை, பாதி முகம். அவர்தானா, வேறு யாராவதா என்று சொல்வதற்கு இன்று ஆளில்லை.

நான் பத்து வயசில் அப்புச்சியிடம் கேட்டிருக்கிறேன்: "யானையைப் போட்டோ எடுத்தீங்களா அப்புச்சி?" அவர் சிரித்தார். "போட்டோ எங்க எடுக்கறது? மூச்சு விடாம உக்காந்திருந்தோம்." எனக்கு ஏமாற்றமாக இருந்தது. படம் இல்லாவிட்டால் கதைக்குச் சாட்சி ஏது என்று நினைத்தேன். அந்தப் பெயர்தான் சாட்சி. அவர் ஐம்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்து எனக்குக் கொடுத்தார். நான் ஆயிரத்து நானூறு படத்தை ரெண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு பெயரை வைத்திருக்க முடியவில்லை.

மாராவின் அந்த வழிகாட்டிக்கு நேற்று வாட்ஸ்அப்பில் சிறுத்தைப் படத்தை அனுப்பி, "உங்கள் பெயரைப் போட்டு வெளியிடலாமா? எழுத்துக்கூட்டல் எப்படி?" என்று கேட்டிருக்கிறேன். காட்டுக்குள் இருந்தால் பதில் வர நாளாகும். வரட்டும். அதுவரை அந்தப் படத்தை எங்கும் போடுவதாக இல்லை. வந்ததும் முதல் வரியில் அவர் பெயர், அடுத்த வரியில் என் பெயர்.

டிசம்பரில் லீவுக்கு ஊருக்குப் போகிறேன். இந்த முறை சேத்துமடை வழியாகப் பரம்பிக்குளம் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். குரியார்குட்டியில் வயசானவர்கள் யாராவது இருப்பார்கள். அணை கட்டின காலத்தில் லாரியில் ஏறிக் கீழே இறங்கிய ஆள், ஒரு ராத்திரி விளக்கை அணைக்கச் சொன்ன ஆள், யார் வீட்டு அப்பா, யார் வீட்டுத் தாத்தா என்று கேட்க வேண்டும். அறுபது வருஷம் கழித்துப் போய்க் கேட்டால் கிடைக்குமா என்று தெரியாது. கேமராவும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். ஆனால் பையைத் திறப்பதற்கு முன்னால் அதைக் கேட்டுவிட வேண்டும்.